ஓடுவதற்கு ஆட்சேபணை இல்லை

ஓடவேண்டும் என்று தீர்மானித்த மனிதன் முதலில் செய்யவேண்டியது ஓடுவதுதான் என்று நினைப்பவர்கள் சர்க்கார் உத்தியோகம் பார்க்காதவர்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓடுவது கடைசியில் வரும் காரியம். அதற்கு முன்னால் ஆகவேண்டியது எவ்வளவோ இருக்கிறது.

சிட்லபாக்கத்தில் குடியிருக்கும் திருவாளர் ஜெயகிருஷ்ணன் பார்த்தவர். வயது ஐம்பத்து நான்கு. முப்பது வருட சர்வீஸ். தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். எனக்கே அங்கே ஒரு காகிதம் வரவேண்டியிருக்கிறது.

அவருக்கு இமயமலை ஏறும் ஆசை தானாக முளைத்ததல்ல. முன்பெல்லாம் லீவு விட்டால் திருப்பதி, வேளாங்கண்ணி, மிஞ்சினால் ஊட்டி என்று போய்வந்த எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு, இப்போது ஐந்து நாள் நடந்து, பனியில் கூடாரம் போட்டுப் படுத்து, பல் தேய்க்கத் தண்ணீர் இல்லாமல் திரும்பி வந்தால்தான் லீவு கழிந்த மாதிரி இருக்கிறது. வீட்டில் ஒரு நாள் தண்ணீர் லாரி வராவிட்டால் ஊரைக் கூட்டுகிற அதே ஜனங்கள்தான். இந்த அலையில் அவர் மனைவி நாகலக்ஷ்மியும் ஏறிக்கொண்டாள். அவள் சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதைக் கொண்டாட, 'மேகமுட்டி மலையேற்றக் குழு' என்ற கம்பெனியில் இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டாள்.

கம்பெனியிலிருந்து ஜென்சி என்ற பெண் போன் செய்தாள். "சார், மலை ஏற ஏஜ் லிமிட்டே கிடையாது சார்! எல்லாம் மைண்ட்செட்தான்!"

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனா இந்த அஞ்சு கிலோமீட்டர்..."

"அதை முப்பத்தஞ்சு நிமிஷத்துக்குள்ள ஓடணும் சார். உங்க போன்ல போட்டுக்கற எங்க ஆப்பே கணக்கு எடுத்துக்கும். மே அஞ்சாம் தேதிக்குள்ள வரலைன்னா உங்க சீட்டு கேன்சல்."

நாகலக்ஷ்மி கூட்டிக் கழித்துப் பேசுகிறவள் இல்லை. "நீங்க பாஸ் பண்ணலைன்னா நான் மட்டும் போவேன். உங்க லீவு சாங்ஷன் ஆகும், ஆகும்னு இருபத்தஞ்சு வருஷம் காத்திருந்தாச்சு" என்றாள்.

ஜெயகிருஷ்ணனுக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போக டிக்கெட் எடுத்து, ஆபீசில் ஆடிட் வந்ததென்று ரத்து செய்தவர் அவர். அதற்கு அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததுதான் இத்தனை வருடமாக அவரை உறுத்திக்கொண்டிருந்தது. இந்த முறை எப்பாடுபட்டாவது அவளோடு போய்விடுவது என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டார்.

ஒன்பது பை வைத்த கால்சட்டை வாங்கினார். மலைக்கென்றே தயாரித்த ஷூ, தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சும் முதுகுப்பை, காதை மூடும் தொப்பி எல்லாம் வாங்கினார். மார்ச் மாதம் முதல் திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு இவ்வளவையும் அணிந்துகொண்டு சிட்லபாக்கம் ஏரிக்கரைக்குப் போனார். வாசலில் ஒரு பலகை இருந்தது. பத்து வருடமாக இருக்கிற பலகைதான். அன்றைக்குத்தான் படித்தார்.

'நடைபயிற்சிப் பாதை. பராமரிப்பு: ஏரிக்கரை நடையாளர் நலச் சங்கம் (பதிவு பெற்றது).'

சங்கத்திடம் பராமரிப்பை யார் ஒப்படைத்தார்கள் என்று கேட்காதீர்கள். பலகையை எழுதி மாட்டியது சங்கம். பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஜெயகிருஷ்ணன் யோசித்தார். நடக்கலாம் என்று இருக்கிறது. ஓடக்கூடாது என்று இல்லை. ஓடலாம் என்றும் இல்லை. உங்களையும் என்னையும் போன்றவர்கள் இந்த நிலையில் ஓடித் தொலைத்துவிடுவோம். முப்பது வருட சர்வீஸ் அப்படிச் செய்யவிடுமா? இது உரிய அலுவலரிடம் தெளிவுரை பெறவேண்டிய இனம்.

அதற்குள் நாகலக்ஷ்மி பழைய கான்வாஸ் ஷூவும் சுடிதாருமாக ஒரு சுற்று முடித்து அவரைக் கடந்தாள். "என்னங்க நின்னுட்டீங்க?"

"ஓடறதுக்கு அனுமதி உண்டான்னு பாக்கறேன் நாகு."

"யார்கிட்ட?"

"அதைத்தான் பாக்கறேன்."

அவள் அதற்குள் அடுத்த வளைவில் போய்க்கொண்டிருந்தாள்.

அன்றே விண்ணப்பம் எழுதினார். பொருள், பார்வை, 'தாங்கள் தயைகூர்ந்து', 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' எல்லாம் அததன் இடத்தில் உட்கார்ந்த, மூன்று நகல் கொண்ட, குறை சொல்ல முடியாத விண்ணப்பம். மறுநாள் காலை அதைச் சங்கச் செயலாளர் அசரியாவிடம் கொடுத்தார்.

அசரியா ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். ரிட்டயர் ஆகி ஏழு வருடம். இந்த ஏழு வருடத்தில் ஒரு ஜீவன் அவரிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்ததில்லை. காகிதத்தைக் கையில் வாங்கியதும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார் என்று சொல்கிறார்கள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மருத்துவச் சான்று இணைக்கப்படவில்லையே?" என்றார்.

"எதுக்கு சார்?"

"ஓட உடல் தகுதி உண்டு என்பதற்கு. நாளைக்கு ஓடும்போது பொட்டுனு விழுந்தீங்கன்னா சங்கம் பதில் சொல்லணும்."

நியாயம்தான். சேலையூரில் டாக்டர் ஜோசலினிடம் போனார். டாக்டர் எடை பார்த்தார், பிரஷர் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "இப்ப இருக்கிற உடம்புக்கு ஓடத் தகுதின்னு எழுத முடியாது சார். ரெண்டு மாசம் ஓடிட்டு வாங்க, எழுதித் தரேன்."

"தகுதி இருந்தாத்தான் ஓடவே விடுவாங்க டாக்டர்."

"ஓடினாத்தான் தகுதியே வரும் சார்."

வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் விஷயம் தெரிந்தவர். 'இவர் ஓடுவதற்கான தகுதியைப் பெறுவதற்கான தகுதி உடையவர்' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அசரியா அந்த வாசகத்தை மூன்று தடவை வாசித்து மகிழ்ந்து, கோப்பில் சேர்த்து, பக்க எண் போட்டார்.

அடுத்து பொருளாளர் ரத்தினபாய் அம்மாள். தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு. பள்ளிக்கரணையில், சதுப்புநிலத்தைப் பார்த்த அபார்ட்மெண்டில் ஐந்தாவது மாடியில் மகளோடு இருந்தார். லிஃப்ட் ரிப்பேர். ஸ்கூட்டரை நாகலக்ஷ்மி பள்ளிக்கு எடுத்துப் போய்விடுவாள். ஆகவே ஜெயகிருஷ்ணன் பஸ்ஸைப் பிடித்து, இறங்கி நடந்து, ஐந்து மாடி ஏறி, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"ஓடினா பாதை தேயுமே. தேய்மானத்துக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார் ரத்தினபாய்.

"மேடம், ஓடும்போது பாதி நேரம் கால் தரையிலயே படாது. நடக்கறவங்களாலதான் தேய்மானம் ஜாஸ்தி."

ரத்தினபாய்க்கு மூக்கு வியர்த்துவிட்டது. இருபது வருட தணிக்கையில்கூட இப்படி ஒரு கோணம் கிடைத்ததில்லை. "எழுத்துல கொடுங்க" என்றார்.

எழுத்தில் கொடுக்க மறுநாள் போனார். 'நடையாளர்களால்தான் தேய்மானம்' என்ற வரிக்கு அசரியா ஆட்சேபம் தெரிவித்தார் என்று அதற்கும் மறுநாள் போனார். அசரியா வீடு மூன்றாவது மாடி. சர்ச்சில் சபைக் கூட்டம் இல்லாத நாளில்தான் வீட்டில் இருப்பார், இல்லாத நாள் எது என்று போனால்தான் தெரியும். தலைவர் ஸ்ரீரங்கன் வீடு ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பைத் தாண்டி உள்ளே. அவரைக் காலை ஆறு மணிக்குப் பார்க்கவேண்டும். ஆறேகாலுக்குப் பூஜையில் உட்கார்ந்துவிடுவார். சிட்லபாக்கத்துக்கும் ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் பள்ளிக்கரணைக்குமாக அலையாய் அலைந்தார் மனிதர். முப்பது வருடமாகச் சேர்த்து வைத்த லீவையெல்லாம் எடுத்தார். அவர் இல்லாத அந்த நாட்களில் அவர் அலுவலகத்தில் எந்த வேலையும் கெட்டுவிடவில்லை. எப்போதும் போலவே இருந்தது.

பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போடவேண்டி வந்தது. ஐந்து மாடியையும் பேசிக்கொண்டே ஏறினார். உடற்பயிற்சி செய்ய அனுமதி கிடைக்கவில்லையே என்ற கவலையில் உடம்பு இளைத்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஏப்ரல் கடைசியில் தலைவர் ஒரு கேள்வி எழுப்பினார். "ஓட்டம் என்றால் என்ன? வரையறை இல்லாமல் எதற்கு அனுமதி கொடுப்பது?" மூவர் துணைக்குழு கூடியது. குழுவில் அதே மூன்று பேர். 'இரண்டு பாதங்களும் ஏககாலத்தில் தரையை விட்டு நீங்கியிருக்கும் நிலையே ஓட்டம் எனப்படும்' என்று முடிவாயிற்று. நேரடி ஆய்வுக்கு நாள் குறித்தார்கள்.

ஆய்வன்று மூவரும் பாதை நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஜெயகிருஷ்ணன் அவர்கள் முன்னால் நடந்தார்.

"கொஞ்சம் வேகமா நடங்க" என்றார் ஸ்ரீரங்கன். "இன்னும் கொஞ்சம். இன்னும்... ஆங்! நீங்கிடுத்து! ரெண்டு காலும் நீங்கிடுத்து! நில்லுங்கோ!"

நின்றார்.

"அனுமதி இல்லாம எப்படி ஓடினீங்க?" என்றார் ஸ்ரீரங்கன்.

"நீங்கதானே சார் வேகமா..."

"நடக்கத்தான் சொன்னேன்."

குறிப்பாணை கொடுத்தார்கள். ஏழு நாளுக்குள் விளக்கம் அளிக்கவேண்டும். அந்த நேரம் பார்த்து நாகலக்ஷ்மி நான்காவது சுற்றில் வந்தாள். "கொஞ்சம் வழி விடுங்க சார்" என்றாள். மூன்று பேரும் எழுந்து அவரவர் நாற்காலியை ஒதுக்கி வைத்தார்கள். அவள் போனதும் திரும்ப நடுவில் போட்டுக்கொண்டார்கள்.

"அந்தம்மா ஓடறாங்களே?" என்றார் ரத்தினபாய்.

"அவா விண்ணப்பம் கொடுக்கலையே" என்றார் ஸ்ரீரங்கன். "விண்ணப்பம் இல்லாதது நம்ம பார்வைக்கே வராது."

நாகலக்ஷ்மி எப்போதோ ஓடி முடித்து, மார்ச்சிலேயே கம்பெனியில் பாஸாகியிருந்தாள். "நாளைக்குக் காலையில எங்கூட வந்து ஓடுங்களேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்று இவரிடம் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டாள். "கோப்பு நிலுவையில இருக்கும்போது ஓடினா தப்பாயிடும் நாகு" என்பார். அவள் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவாள்.

மே ஐந்தாம் தேதி வந்தது. மதியம் மூன்று மணிக்கு ரத்தினபாய் விளக்கத்தை ஏற்று ஒருவழியாகக் கையெழுத்திட்டார். இனி தலைவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவரோ அன்று மாலை மகன் வீட்டுக்கு அமெரிக்கா கிளம்புகிறார். ஆறு மாதம் வரமாட்டார். நான்கு மணிக்கு ஏர்போர்ட்டுக்குக் கார். ஜெயகிருஷ்ணன் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார். மேடவாக்கத்தில் பஸ் நின்றது. மெட்ரோ வேலை. முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி. மணி மூன்றரை.

குதித்தார். ஓடினார்.

தடுப்பு வேலி ஓரமாக ஓடினார், பழவண்டிகளுக்கு நடுவில் ஓடினார், ஒரு கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளித்தவர்கள் மேலேயே விழப் பார்த்து ஓடினார். நெரிசலில் சிக்கிக் கிடந்த ஆட்டோக்காரர் ஒருவர் தலையை நீட்டி, "இன்னா சார், யாரைத் தொரத்திக்கினு போறே?" என்று கத்தினார்.

"கையெழுத்து!"

"அப்போ ஓடு சார், வுடாதே!"

ராஜகீழ்ப்பாக்கத்தில் கார் கிளம்பி, தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. குறுக்கே போய் விழுந்தார். ஸ்ரீரங்கன் கண்ணாடியை இறக்கி, கோப்பைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, மடியிலிருந்த கைப்பையின் மேல் வைத்து ஒப்பமிட்டார். 'ஓடுவதற்கு ஆட்சேபணை இல்லை.' "நீங்க இனிமே தாராளமா ஓடலாம்" என்றார்.

"இப்ப முடியாது சார்" என்று ஜெயகிருஷ்ணன் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

சட்டைப் பையில் போன் கூவியது. 'வாழ்த்துகள்! ஐந்து கிலோமீட்டர், முப்பத்து மூன்று நிமிடம். நீங்கள் மலைக்குத் தயார்!'

அவர் முகம் ஒரு கணம் வெளுத்துப்போனது. அனுமதிக்கு முன்பே ஓடிவிட்டோமே? பிறகுதான் ஞாபகம் வந்தது, ஓடியது மெயின் ரோட்டில். அது சங்கத்தின் எல்லைக்குள் வராது. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. நாகலக்ஷ்மி தோசை வார்த்துக்கொண்டே எந்த நாளில் எந்த முகாம் என்று சொல்லச் சொல்ல, அவர் அடுப்படியிலேயே நின்று கேட்டார். இவளோடு பனியில் நடக்கப்போகிறோம் என்று நினைக்கவே அவருக்குப் பூரிப்பாக இருந்தது. அந்தப் பூரிப்பில்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். கம்பெனிக்கு அனுப்பிய மெயிலில் சங்கத்தின் அனுமதிக் கடிதத்தையும் இணைத்தார்.

"அது எதுக்குங்க? அவங்க கேக்கவே இல்லையே" என்றாள் நாகலக்ஷ்மி.

"கேக்கறதுக்கு முன்னாடி கொடுத்துட்டா ஒரு மரியாதை."

இரண்டு நாளில் பதில் வந்தது. சாதாரணப் பதிலா? ஜென்சி மலையேறும் எல்லோருக்கும் சேர்த்து எழுதியிருந்தாள். 'ஜெயகிருஷ்ணன் சாரின் சூப்பர் முயற்சியைப் பார்த்து எங்கள் டீமே அசந்துவிட்டது! இனி அனைவரும் தாங்கள் ஓடிய இடத்திலிருந்து ஆட்சேபணையின்மைக் கடிதம் பெற்று மே பத்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும். ஹேப்பி டிரெக்கிங்!'

நாகலக்ஷ்மி போனைப் போட்டாள். "நான் மார்ச்சுலயே ஓடிட்டேனேம்மா!"

"தெரியும் மேம், உங்க டைமிங் செம! ஆனா பேப்பர் இல்லையே மேம்."

அவள் போனை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். ஜெயகிருஷ்ணன் அதற்குள் வெள்ளைத்தாள் எடுத்துப் 'பொருள்' வரைக்கும் எழுதிவிட்டிருந்தார். "நீ ஒண்ணும் கவலைப்படாதே நாகு. எனக்கு வழி தெரியும்" என்றார்.

சங்கமும் இதற்குள் வளர்ந்துவிட்டது. ஒருவருக்கு அனுமதி கொடுத்தாயிற்று. அப்படியானால் மற்றவர்கள் அனுமதி இல்லாமல் ஓடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? இத்தனை நாள் பார்வைக்கு வராதது இப்போது வந்துவிட்டது. அசரியா தீர்மானம் போட்டார். ஏரி வாசலில் விசிலோடு சவுரிமுத்து என்ற காவலர் நிறுத்தப்பட்டார். டோக்கன் முறை ஏற்பட்டது.

பத்தாம் தேதி விடியும்போது வாசலில் அறுபது பேருக்குக் குறையாமல் வரிசை. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் முக்கால்வாசிப் பேர் ஜென்மத்தில் ஓடாதவர்கள். ஜெயகிருஷ்ணனுக்கு இருபத்து மூன்றாம் எண். அவருக்கு முன்னால் பூ விற்கிற கங்கம்மா நின்றாள்.

"நீங்களும் ஓடறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"எங்க வூட்டுக்காரருக்கு சார். அவரு இன்னா ஓடறது, காலு ரெண்டும் வீங்கிக் கீது. இருந்தாலும் குடுக்கறாங்களே, ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாம்னுதான்."

அப்போது நாகலக்ஷ்மி வந்தாள். வழக்கமான கான்வாஸ் ஷூ. வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாதையில் ஓட ஆரம்பித்தாள். சவுரிமுத்து விசில் ஊதினார். வரிசை கொதித்தது.

"யம்மா! வரிசையில வா! காலங்காத்தால வந்து நின்னுகினு கீறோமே, நாங்கள்லாம் இன்னா கேனையா?"

"படிச்சவங்க மாதிரி இருக்கீங்க மேடம், ஒரு ரூல் தெரிய வேணாம்?"

எல்லோரும் ஜெயகிருஷ்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொல்லவேண்டும் என்று நினைக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று. "நாகு... வரிசை."

அவள் நின்றாள். திரும்பி அவர் அருகில் வந்தாள். "எத்தனாவது நம்பர் போகுது?"

"இன்னும் ஆரம்பிக்கலை. கையெழுத்துப் போடறவர் அமெரிக்காவுல இருக்கார்."

"எப்ப வருவார்?"

"ஆறு மாசம் ஆகும்."

"அப்ப இவங்கள்லாம் எதுக்கு நிக்கறாங்க?"

ஜெயகிருஷ்ணனுக்கு இது தோன்றவே இல்லை. கங்கம்மாவைப் பார்த்தார். கங்கம்மா அவர்கள் இரண்டு பேரையும் இரக்கத்தோடு பார்த்தாள். "முன்னாடி நிக்கறாங்கல்ல சார்?" என்றாள்.

நாகலக்ஷ்மி கோபமே இல்லாமல் சொன்னாள். "எங்கூடப் படிச்ச தபீதாள் டேராடூன்ல டீச்சரா இருக்கா. லீவுக்கு வாயேன், சேர்ந்து ஏறலாம்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. கம்பெனி வேணாம். மலை யாரையும் பேப்பர் கேக்காது. சாயங்காலம் ரயில். ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன். வரீங்களா?"

ஜெயகிருஷ்ணன் வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். முன்னால் இருபத்திரண்டு பேர். பின்னால் நாற்பது பேர், ஒருவர் முதுகில் ஒருவர் மூச்சு படும்படி. இப்போது விலகினால் இந்த இடம் திரும்பக் கிடைக்குமா?

"உனக்காகத்தானே நாகு நிக்கறேன்" என்றார். "இரு. இதை வாங்கிட்டு வந்துடறேன்."

நாகலக்ஷ்மி தலையை ஆட்டிவிட்டு ஓடத் தொடங்கினாள். சவுரிமுத்து விசிலை ஊதிக்கொண்டே பத்தடி துரத்திப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஐந்து கிலோமீட்டரை முப்பத்து மூன்று நிமிடத்தில் ஓடுகிற கால்கள் ஜெயகிருஷ்ணனுடையவை. நினைத்திருந்தால் முதல் வளைவிலேயே அவளைப் பிடித்திருப்பார். அவள் வளைவில் திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"சார், போறதுன்னா போங்க, நிக்கறதுன்னா நெருங்கி நில்லுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது.

முன்னால் யாரோ ஓர் எட்டு நகர்ந்தார். கங்கம்மா நகர்ந்தாள். ஜெயகிருஷ்ணன் அவசர அவசரமாக அந்த ஓர் எட்டை எடுத்து வைத்தார்.